கடைசி பஸ்ஸும் காவல் நிலையமும்

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. நீ அவசரப்பட்டு நடந்துவிடாதபடி தங்கச்சி பார்த்துக்கொள்வார், அந்தக் கவலை எனக்கு இல்லை. இங்கே எல்லோரும் சுகம். புரட்டாசி மழை தப்பாமல் பெய்தது. கேழ்வரகு நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது. சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறான்.

உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில், நம் பக்கத்துக்கு ஒரு காவல் நிலையம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தர்மபுரி மாவட்டம் பிறந்ததும் இதே தேதியில்தான், 1965-இல். நாம் இரண்டாம் வகுப்பில் இருந்தோம், மிட்டாய் கொடுத்தார்கள், உனக்கு நினைவிருக்கும். மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டராக இத்தனை வருஷம் இருந்தவன், நாலு வரியில் எழுதிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். இருபது நாளாக எழுதுகிறேன், இன்னும் முடியவில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான், கேட்க வேண்டியது ஒரு கட்டடமா வேறு ஏதாவதா என்ற சந்தேகமே வந்தது. உன்னிடம் பேசித் தெளிய வேண்டும்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் பதினைந்து லட்சம் பேர், பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். அதில் நகரத்தில் இருப்பவர்கள் 17 சதவீதம்தான். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் கிட்டத்தட்ட பாதிப் பேர் நகரவாசிகள். 1977-இல் அமைத்த தேசியக் காவல் ஆணையம், கிராமப்புறத்தில் ஒரு ஸ்டேஷனின் எல்லை 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னது. அதன்படி வகுத்தால் நமக்கு முப்பது ஸ்டேஷன் வருகிறது. காகிதத்தில் அழகான கணக்கு.

ஆனால் நில அளவையில் முப்பது வருஷம் இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடும் மலையும். வட்டுவனஅள்ளி ஊராட்சியில் இருக்கிற கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அந்த மலையையும் தர்மபுரி டவுனையும் ஒரே சதுர கிலோமீட்டர் கணக்கில் எப்படி வைப்பது? வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் என்று தெரிவது நடையில் மூன்று மணி நேரம். நம் பக்கத்துத் தூரத்தை அளக்க வேண்டிய அளவுகோல் பஸ் நேரம்தான். காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட்டால் ஸ்டேஷன் போய்ச் சேரலாம், புகார் கொடுத்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பக் கடைசி பஸ் இருக்கிறதா, இல்லையா. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எந்தக் கோப்பிலும் கிடையாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கையால் நடந்த ஒரு தப்பு இருக்கிறது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். மலையிலிருந்து ஒரு அம்மா சாயங்காலம் வந்தார். வீட்டுக்காரர் அடித்ததில் கை வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், எஸ்.ஐ. கோர்ட்டில் இருந்தார். "நாளைக்குக் காலையில் வாம்மா, ஐயா இருப்பார்" என்று நான்தான் சொன்னேன். மனுவை வாங்கிக்கொண்டு, புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்திருக்கலாம், அது என் வேலை. செய்யவில்லை. அவர் ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்து, விடிகாலை முதல் பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அப்புறம் அவர் வரவே இல்லை. எங்கள் பதிவேடு எதிலும் அவர் பெயர் கிடையாது.

அந்த வருஷக் கடைசியில் கேஸ் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி எங்கள் ஸ்டேஷனிலிருந்து இரண்டு போலீஸ்காரர்களை டவுனுக்கு மாற்றினார்கள். அந்த அறிக்கையை டைப் அடித்தவனும் நான்தான். "குற்றம் குறைந்த பகுதி" என்று அடிக்கும்போது அந்த அம்மாவின் வீங்கிய கை கண்ணில் வந்து நின்றது, மாதையா. இன்றைக்கும் வருகிறது. கேஸ் எண்ணிக்கையைப் பார்த்து ஆள் கொடுத்தால், வர முடியாதவர்களுக்கு ஒருநாளும் ஆள் கிடைக்காது. ஆள் இல்லாததால் இன்னும் வரமாட்டார்கள், அடுத்த வருஷம் எண்ணிக்கை இன்னும் குறையும். மனுவில் நான் சொல்ல நினைப்பது முழுக்க இதுதான்.

புது ஸ்டேஷன் திறந்தால் சரியாகிவிடுமா என்றால், அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பட்டியலில் இருபது பேர் இருக்கிற ஸ்டேஷன் என்று வைத்துக்கொள். கோர்ட்டுக்கு ஒருவர், சம்மன் கொடுக்க ஒருவர், ஒயர்லெஸ்ஸில் ஒருவர், கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருவர், ஸ்டேஷன் வாசலில் பாரா காவலுக்கு முறை வைத்து மூன்று பேர், கைதியைச் சேலம் சிறைக்குக் கூட்டிப்போக இரண்டு பேர், அயல்பணியில் இரண்டு பேர். 2021-இல் வார விடுமுறை கொடுத்தார்கள். அது நியாயமானது, நாங்கள் இருந்த காலத்தில் அதற்காக ஏங்கியிருக்கிறோம். ஆனால் விடுமுறைக்கு ஏற்ற ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமே. ஆடிப்பெருக்கு வந்தால் பாதிப் பேர் ஒகேனக்கலில் நிற்பார்கள். கடைசியில் ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது இரண்டு பேரும் ஒரு ஜீப்பும். புதுக் கட்டடம் கட்டினால் இன்னொரு பாரா, இன்னொரு ஒயர்லெஸ், இன்னொரு ரைட்டர் என்று மேஜைக்குத்தான் ஆள் கூடும். கிராமத்துக்கு வருகிற கால் கூடாது.

சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிற தொப்பூர் கணவாயையும் இதோடு சேர்த்துப் பார். சேலம் பக்கம் இறங்குகிற சரிவில் பிரேக் பிடிக்காமல் லாரி முன்னால் போகும் வண்டிகளை இடித்துத் தள்ளுகிறது. 2020 டிசம்பரில் நாலு பேர், 2024 ஜனவரியில் மறுபடி நாலு பேர் செத்தார்கள். ஒரு விபத்து என்றால் வண்டியை அப்புறப்படுத்த, பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப, வெளிமாநிலத்து உறவினருக்குத் தகவல் சொல்ல, கோர்ட்டுக்கு அலைய என்று எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற கிராமத்து ஸ்டேஷன்களின் நேரத்தையெல்லாம் அந்தச் சாலையே தின்றுவிடுகிறது. சாலைக்கு வேண்டிய ஆளைத் தனியாகக் கணக்குப் போட்டு, நெடுஞ்சாலை ரோந்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிராமத்துப் பங்கிலிருந்து எடுக்கக் கூடாது.

நம் சின்ன வயசில் ஊருக்கு ஒரு தலையாரி இருந்தார், மணியக்காரர் இருந்தார். புது ஆள் ஊருக்குள் வந்தால், மாடு காணாமல் போனால், கிணற்றில் யாராவது விழுந்தால், தலையாரி நடந்தே போய் ஸ்டேஷனில் சொல்வார். 1980-இல் எம்.ஜி.ஆர். பரம்பரை மணியக்காரர், கர்ணம் (ஊர்க் கணக்கு எழுதுகிறவர்) முறையை ஒழித்தார். அது சரியான வேலை, அந்தப் பரம்பரை அதிகாரம் யாரை எப்படி மிதித்தது என்று நாம் இரண்டு பேரும் பார்த்தவர்கள். அது திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். ஆனால் ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்த அந்த நடை அறுந்துபோனது, அதை யாரும் மறுபடி சரியாக முடிச்சுப் போட்டு வைக்கவில்லை.

அந்த முடிச்சைப் போட்டிருக்க வேண்டியவர் பீட் போலீஸ்காரர், அதாவது சில ஊர்களைத் தன் பொறுப்பில் வைத்து ரோந்து போகிறவர். நான் சேர்ந்த புதிதில் கோயிலிலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ, ரோந்து வந்ததைக் குறிக்கிற பட்டா புத்தகம் தொங்கும். ராத்திரி சைக்கிளில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். கையெழுத்தை விட முக்கியம், அந்த ஊரில் யார் புதிதாகச் சாராயம் விற்கிறான், எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்று காதில் விழும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் இறந்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தெருவைத் தெரிந்த போலீஸ்காரர், தெரிந்ததைச் சொல்லும் போலீஸ்காரர், சொன்னதைக் கேட்கும் அதிகாரி, மூன்றும் சேர்ந்திருந்தால் எத்தனை வீடு பிழைத்திருக்கும்.

நம் மாவட்டத்தில் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனமரத் தேடுதல் என்று சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த மலைச்சாதி ஊருக்குள் போனது. பதினெட்டுப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். 2011-இல் தர்மபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. நான் அப்போது வேறு ஸ்டேஷனில் இருந்தேன். ஆனால் போட்டிருந்தது அதே காக்கி. வாச்சாத்தியை ஒட்டிய சித்தேரி மலையில் ஒரு ஸ்டேஷன் வைக்கிறோம் என்று யாராவது திட்டம் போட்டால், அந்த ஜனங்களுக்கு அது பாதுகாப்பாகத் தெரியுமா, பயமாகத் தெரியுமா என்று முதலில் அவர்களிடமே உட்கார்ந்து கேட்க வேண்டும். மலைப் பிள்ளைகளையே அந்த வேலைக்கு எடுத்து, அவர்களில் பெண்களையும் அங்கேயே போட வேண்டும் என்பது என் எண்ணம்.

மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னையில் ஆரம்பித்து இங்கேயும் வந்தது. நல்லது நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இருப்பது பெரிய ஊரில். கை வீங்கிய அந்த அம்மாவுக்கு அது இன்னும் ஒரு பஸ் தூரம். அதனால் மனுவில் இப்படிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: வாரச் சந்தை நடக்கிற நாளில், சந்தையிலேயே ஒரு பெண் எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் காலை முதல் மாலை வரை உட்காரட்டும். சந்தைக்கு எல்லா ஊர்ப் பெண்களும் வருவார்கள், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அங்கேயே மனு வாங்கி ரசீது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று இருக்கிறது. போனில் அனுப்பினாலும் செல்லும், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மறுபடி பஸ் ஏறச் சொல்லாமல், பீட் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகட்டும்.

இரண்டாவது, நம் பக்கத்துக்கு முழு ஸ்டேஷன் உடனே வராவிட்டாலும் ஒரு புறக்காவல் நிலையம். மூன்று பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், குடும்பத்தோடு தங்க வீடு. வீடு இல்லாமல் எந்தப் போலீஸ்காரரும் கிராமத்தில் நிலைக்கமாட்டார். பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் குடும்பத்தை வைத்துவிட்டுத் தினம் வந்து போவார். நானே அப்படித்தான் செய்தேன், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது, குறைந்தது மூன்று வருஷம் ஒரே பீட். மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே அந்த ஊரைப் பற்றிய அறிவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறது.

இனி உன் வேலை. நம் பக்கத்தில் சில ஊர்களுக்கு வட்ட அலுவலகம் ஒரு திசை, போலீஸ் ஸ்டேஷன் வேறு திசை, கோர்ட் இன்னொரு திசை. எந்த வருவாய் கிராமம் எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறது என்று சரியாகக் குறித்த ஒரு வரைபடம் என்னிடம் இல்லை. உன் டிரங்குப் பெட்டியில் பழைய கிராம வரைபடங்கள் இருக்குமே, கார்த்திகைக்கு வரும்போது எடுத்து வா. நான் ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் ஸ்டேஷனுக்கு முதல் பஸ் எத்தனை மணி, திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பதினோரு ஊர் முடிந்தது. அதில் ஆறு ஊருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் திரும்பி வரப் பஸ்ஸே இல்லை. கண்டக்டர்கள் எல்லோரும் பொறுமையாக நேரம் சொன்னார்கள்.

மீதி நாலு ஊர் காட்டை ஒட்டி இருக்கிறது, நடந்துதான் போக வேண்டும். உன் காலை வைத்துக்கொண்டு நீ அங்கே வரக் கூடாது. நீ எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லைக் கோட்டைப் பென்சிலில் போட்டு வை, நான் காலையில் புறப்பட்டுப் போய் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன். எந்தத் தேதியில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
முனியப்பன்