‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வி பற்றி ஒரு திறந்த மடல்

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவமனைகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நோயின் பெயரைச் சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறார். சிகிச்சை, மாத்திரையின் அளவு, மறுபடி வரவேண்டிய நாள் என்று தொடர்கிறீர்கள். கடைசியில் “புரிஞ்சுதா?” என்கிறீர்கள். “புரிஞ்சுது டாக்டர்” என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை நம்பி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே, மூளையும் மொழியும் பற்றிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை எழுதுகிறோம்.

நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மருத்துவர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனடியாக மறந்துபோகிறது. நினைவில் நின்றதிலும் ஏறக்குறையப் பாதி தவறாக நிற்கிறது. நோயாளியின் அலட்சியம் என்று இதை ஒதுக்க முடியாது. பயம் வந்த சில நொடிகளில் மூளையில் நார்அட்ரினலின் என்ற, நம்மை உஷார்ப்படுத்தும் வேதிப்பொருள் ஏறுகிறது. அளவோடு இருந்தால் அது கவனத்தைக் கூர்மையாக்கும். மிஞ்சினால், கேட்டதை மனத்தில் ஏந்தி வைக்க உதவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகள் தளர்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியது இதைத்தான். நிதானமாக இருக்கும்போதே நம் மனம் ஒரே நேரத்தில் சுமார் நான்கு புதிய செய்திகளைத்தான் ஏந்திக்கொள்ளும். பதற்றத்தில் அதுவும் சுருங்குகிறது. நோயின் பெயர் ஆயுசுக்கும் மறக்காது. அதை அடுத்து நீங்கள் சொன்ன அளவு வாசலைத் தாண்டுவதற்குள் போய்விடும்.

அடுத்தது கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். அதிர்ச்சி தொடங்கி 20 முதல் 30 நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடுகிறது. ஏற்கெனவே தெரிந்ததை நினைவிலிருந்து எடுப்பதையே அது தடுக்கும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், முந்தைய நாள் மனப்பாடம் செய்த சொற்களை, உடலுக்குள் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரையை உட்கொண்டவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆகவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் செய்தியைச் சொல்வதற்கு முன்பே கேட்டு எழுதிவிடுங்கள். சொன்ன பிறகு கேட்டால் விட்டுப்போகும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க அந்த அரைமணி நேரத்தைப் போல மோசமான நேரம் வேறில்லை. அவசர சிகிச்சை என்றால் வேறு வழியில்லை, மற்றபடி காத்திருங்கள்.

இனி வாக்கியங்களுக்கு வருவோம். ‘கூடாது’, ‘இல்லை’ என்ற சொற்களை மூளை தாமதமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. 1983-இல் ஃபிஷ்லரும் உடன் பணிபுரிந்தவர்களும் செய்த மூளை மின்னலைச் சோதனையில், எதிர்மறை வாக்கியம் உண்மையாக இருந்தபோதும், முதல் அரை நொடிக்குள் எழும் அலை ‘இல்லை’ என்பதையே பொருட்படுத்தவில்லை. சொற்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்த்தது. தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல், எதிர்மறை கடைசியில் அல்லவா வருகிறது? “இந்த மாத்திரையை உடைச்சு, தண்ணியில கரைச்சுச் சாப்பிட…” என்பது வரை கேட்டவருக்கு அது ஒரு செய்முறை. ‘கூடாது’ வருமுன் கவனம் நழுவினால் நேர் எதிரானதைச் செய்வார். “முழுசா விழுங்குங்க” என்றால் வேலை முடிந்தது.

“நாளைக்கு ரெண்டு மாத்திரை” என்பதையும் பாருங்கள். தினமும் இரண்டா, விடிந்தால் இரண்டா? “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, தினமும்” என்று விரித்துச் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை உட்கொள்வது; தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ‘வாரம் ஒருமுறை’ போதாது. ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமையின் பெயரைச் சீட்டிலேயே எழுதுங்கள்.

மனநல மருத்துவர்களிடம் தனியாக ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் குமட்டல் முதல் நாட்களிலேயே வரும். பலன் தெரிய வாரங்கள் ஆகும். இந்த ஒரு வாக்கியம் காதில் விழாததால் ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைசியில் ஒட்டவைக்காதீர்கள்.

நோயாளியின் தாய்மொழி வேறாக இருந்தால், உடன் வந்த பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்த வேண்டாம். அந்தப் பிள்ளையும் அதே பயத்தில்தான் நிற்கிறது. 2003-இல் ஃப்ளோரஸ் குழுவினர் 13 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, மொழிபெயர்ப்பில் சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள் இருந்தன. பயிற்சி இல்லாதவர்கள் செய்த பிழைகளில்தான் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை அதிக விகிதத்தில் இருந்தன. எண்களைப் பொறுத்தவரை, கணக்குப் படித்த மொழியிலேயே பலரும் எண்ணுவார்கள். மருந்தளவை அந்த மொழியில் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

சொல்லும் முறை இப்படி இருக்கட்டும். செய்தியை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். மௌனம் நீண்டாலும் நீங்கள் முதலில் பேசாதீர்கள். அவர் அழுதால் அழட்டும். அவராக ஒரு கேள்வி கேட்ட பிறகு தொடருங்கள். அன்றைக்கு மூன்று செய்திகளுக்கு மேல் வேண்டாம்: இன்று செய்ய வேண்டியது, உடனே ஓடிவர வேண்டிய அறிகுறி, அடுத்து வரும் நாள். பிறகு “நான் தெளிவாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். இதில் சோதிக்கப்படுவது உங்கள் பேச்சு. அதனால் அவருக்குக் கூச்சம் இருக்காது. தப்பாகச் சொன்னால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லி, மறுபடி கேளுங்கள்.

நிர்வாகிகளே, இதற்கெல்லாம் நேரம் வேண்டும், கதவு சாத்திய அறை வேண்டும். அதை மருத்துவரின் பொறுமைக்கு விட்டுவிடாமல் நேர அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். மறுநாள் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அந்த மூன்றையும் நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.