மடிக்கணினி விளம்பரங்களில் கிராபிக்ஸ் விவரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நாளிதழ்களில் மடிக்கணினி விளம்பரங்கள் முழுப் பக்க அளவில் வரத் தொடங்கிவிடும். புராசஸரின் பெயர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, திரையின் அளவு, மாதத் தவணை, இலவசமாகத் தரும் பை, மவுஸ் வரை எல்லாம் அவற்றில் இருக்கும். திரையில் படத்தை வரையும் பகுதி எது, அதற்கு வேண்டிய நினைவகம் எங்கிருந்து கிடைக்கிறது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அப்படியே இருந்தாலும் ‘இன்டகிரேட்டட் கிராபிக்ஸ்’ (ஒருங்கிணைந்த கிராபிக்ஸ், அதாவது புராசஸருக்குள்ளேயே அடங்கிய படம் வரையும் பகுதி) என்ற இரண்டு சொற்களோடு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் முடிந்துவிடும். கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துபவன் என்ற முறையில், இந்த ஒரு விவரம் விடுபடுவதால் குடும்பங்களில் எழும் மனக்கசப்பை அடிக்கடி பார்க்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கணினி புதியது, மற்ற வேலைகள் எல்லாம் நன்றாக நடக்கின்றன, ஆனால் கேம் விளையாடினால் ‘லேக்’ அடிக்கிறது, பேன் இரைகிறது, கை வைக்க முடியாதபடி சூடாகிறது என்பார்கள். பெற்றோர் பையன் எதையோ ஏற்றிக் கெடுத்துவிட்டான் என்று நினைக்கிறார்கள்; பையனோ கடைக்காரர் பழுதான கணினியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறான். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான கணினிகளில் பழுது எதுவும் இருக்காது. அந்தக் கணினி எந்த வேலைக்காக அமைக்கப்பட்டதோ அதைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்.

‘உயர்தரத் திரைப்படம் தடையின்றி ஓடுகிறதே, கேம் மட்டும் ஏன் திணற வேண்டும்?’ என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். திரைப்படத்தின் ஒவ்வொரு பிரேமும், அதாவது ஒவ்வொரு தனிப் படமும், முன்பே வரைந்து முடிக்கப்பட்டுச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதை விரித்துக் காட்டுவதற்கென்றே தனிச் சுற்று ஒன்று புராசஸர் சில்லுக்குள் (சிப்) இருப்பதால் கணினிக்கு அது பெரிய சுமையன்று. கேமில் அடுத்து வரப்போகும் காட்சி எது என்பது விளையாடுபவரின் விரலைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு பிரேமையும் அந்தந்தக் கணத்தில் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. அந்த நேரத்துக்குள் இவை ஒவ்வொன்றின் நிறத்தையும் கணக்கிட வேண்டும். நிழல், ஒளி, புகை, கண்ணாடிப் பிரதிபலிப்பு என்று வரும்போது ஒரே புள்ளிக்குப் பல முறை கணக்கிட வேண்டும்.

இக்கணக்கீட்டுக்கான சிறு கணிப்பு அலகுகள் தனி கிராபிக்ஸ் அட்டையை விடப் புராசஸருக்குள் அடங்கிய கிராபிக்ஸில் குறைவு என்பது பலருக்கும் தெரிந்ததே. அதைவிட முக்கியமானதும், கடைகளில் யாரும் சொல்லாததுமான காரணம் நினைவகப் பாதையின் அகலம். தனி கிராபிக்ஸ் அட்டைக்குச் சொந்தமாக வேகமான நினைவகம் உண்டு. 2019-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 போன்ற அடிப்படை நிலை அட்டையில்கூட, ஜிடிடிஆர்5 என்ற வகை நினைவகம் கொண்ட அதன் வடிவத்தில், விநாடிக்கு 128 ஜிபி தரவைக் கொண்டுவந்து சேர்க்கும் பாதை இருந்தது. ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் பொது ராமிலிருந்தே அது எடுத்துக்கொள்ள வேண்டும். அதே பாதையைப் புராசஸரும் அதே நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கும். டிடிஆர்4 3200 வகை ராம் ஒன்றே ஒன்று பொருத்தப்பட்டிருந்தால் அந்தப் பாதையின் உச்ச அளவு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ராம்கள் இரு தடங்களில் (புராசஸருக்குத் தரவு செல்லும் இரு தனி வழிகளில்) இருந்தால் 51.2 ஜிபி. மொட்டைமாடியில் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் தண்ணீர் மெல்லத்தான் வரும். விளம்பரங்கள் தொட்டியின் கொள்ளளவை மட்டும் சொல்கின்றன.

ஒரே 8 ஜிபி ராமாகப் போட்டிருக்கிறார்களா, இரண்டு 4 ஜிபி ராம்களாகப் போட்டிருக்கிறார்களா என்பதை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை. விலைப்பட்டியலில் இரண்டும் ‘8 ஜிபி’தான், கேம் விளையாடும்போது இரண்டும் வெவ்வேறு கணினிகள். இன்டெல் நிறுவனமே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் 11-ஆம் தலைமுறை ஐ5-1135ஜி7 புராசஸரில் 80 கணிப்பு அலகுகள் கொண்ட ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ளது. ஆனால் கணினியில் ராம் ஒற்றைத் தடத்தில் மட்டும் இருந்தால், அதே சில்லை ‘யூஎச்டி கிராபிக்ஸ்’ என்ற தாழ்ந்த பெயரிலேயே விண்டோஸ் காட்டும். பின்னர் வந்த கோர் அல்ட்ரா வரிசையிலும் ‘ஆர்க்’ என்ற பெயரைப் பெறக் குறைந்தது 16 ஜிபி ராம் இரு தடங்களில் இருக்க வேண்டும் என்று இன்டெல் விதித்தது. தயாரிப்பாளரே பெயரைக் குறைத்துக் காட்டும் அளவுக்கு முக்கியமான ஒரு விவரம் விற்பனையாளரின் விளம்பரத்துக்கு மட்டும் தேவையற்றதாகிவிடுகிறது.

இன்னும் வருந்தத்தக்கது ‘4 ஜிபி கிராபிக்ஸ் உண்டு’ என்று வாய்மொழியாகச் சொல்லி விற்பது. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் ஏறத்தாழ பாதியளவு வரை கிராபிக்ஸ் பகிர்ந்துகொள்ளலாம் என்று விண்டோஸ் காட்டும். அந்த எண்ணைத் திரையில் காட்டி, தனி அட்டை இருப்பதுபோல் நம்பவைக்கிறார்கள் சிலர். அது கூடுதல் நினைவகம் அன்று. ஏற்கனவே இருக்கும் எட்டிலிருந்து எடுக்கப்படுவது. விண்டோஸும் பிரவுசரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, கேமும் கிராபிக்ஸும் மீதிக்குப் போட்டியிடும். இடம் போதாதபோது தரவு எஸ்எஸ்டிக்குத் தள்ளப்பட்டு மறுபடியும் கொண்டுவரப்படும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாயினும் ராமுக்கு ஈடாகாது. சீராக ஓடிக்கொண்டிருந்த காட்சி திடீரென்று அரை விநாடி உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் இன்டெல் கிராபிக்ஸ் நினைவகம் கூடிவிடும் என்று சொல்லும் காணொளிகளை நம்பி மாணவர்கள் அதைச் செய்கிறார்கள். அம்மாற்றம், ‘இவ்வளவு நினைவகம் இருக்கிறதா’ என்று கேட்கும் மென்பொருளுக்குப் பொய்ப் பதில் சொல்ல உதவுமே தவிர, வேகத்தை இம்மியும் கூட்டாது.

அடுத்தது மின்சாரமும் வெப்பமும். மெல்லிய மடிக்கணினிகளில் பரவலாகப் பயன்படும் யூ வரிசைப் புராசஸர்களின் அடிப்படை மின் வரம்பு நெடுங்காலமாக 15 வாட் என்ற அளவில் இருந்துவந்தது. கணக்கிடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் இந்த 15 வாட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று அதிகம் எடுத்தால் மற்றது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் பொருத்தப்படும் ஜிடிஎக்ஸ் 1650 அட்டை மட்டுமே 50 வாட் வரை எடுத்துக்கொள்ளக்கூடியது என்பதை ஒப்பிட்டால் இடைவெளி புரியும். விளையாட்டைத் தொடங்கிய புதிதில் புராசஸர் சிறிது நேரம் வரம்பை மீறி ஓடும். பிறகு சூடு ஏறியதும் இறங்கிவிடும். ‘முதல் சில நிமிடங்கள் நன்றாக இருக்கிறது, அப்புறம்தான் திக்குகிறது’ என்று மாணவர்கள் சொல்வது கற்பனை அன்று. நம் ஊர்களின் மே மாதத்து அறையில், மெத்தையின் மேல் காற்றுத் துளைகள் அடைபட வைத்து விளையாடினால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

புராசஸரின் பெயரைப் பார்த்து முடிவு செய்யலாமே என்றால், பெயரும் நம்மை ஏமாற்றும். இன்டெலின் எட்டாம் தலைமுறையில் ஐ3-8130யூ, ஐ5-8250யூ, ஐ7-8550யூ ஆகிய மூன்றிலும் இருந்தது ஒரே யூஎச்டி 620 கிராபிக்ஸ். ஐ5-இல் அதன் உச்ச வேகம் 1.10 கிகாஹெர்ட்ஸ், ஐ7-இல் 1.15. ‘கேம் விளையாட வேண்டும் என்றான், அதனால் ஐ7 வாங்கினோம்’ என்று கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குக் கிராபிக்ஸில் கிடைத்த பயன் அவ்வளவே. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 2021-இல் வந்த ரைசன் 5 5500யூவில் ஏழு கிராபிக்ஸ் அலகுகள் இருந்தன. 2022-இல் வந்த ரைசன் 5 7520யூவில் இரண்டே இரண்டு. அவை புதிய வடிவமைப்பில் அமைந்தவை என்றாலும் அந்த எண்ணிக்கைக் குறைவை ஈடுகட்டப் போதாதவை. பெரிய எண் புதியது, புதியது மேலானது என்று நினைத்து வாங்குபவரைக் குறை சொல்வதற்கில்லை.

இவ்வளவும் எழுதுவதால், ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் என்றாலே மட்டமானது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சோனியின் பிளேஸ்டேஷன் 5-இலும் கணக்கிடும் பகுதியும் கிராபிக்ஸும் ஒரே சில்லில்தான் இருக்கின்றன. ஆனால் அச்சில்லுக்கு விநாடிக்கு 448 ஜிபி தரவு தரும் ஜிடிடிஆர்6 நினைவகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 2022-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியின் சில்லு 15 வாட்டுக்குள் இயங்குவது. திரையை 1280க்கு 800 என்று அளவோடு வைத்து, விநாடிக்கு 88 ஜிபி தரும் நினைவகத்தை இணைத்ததால் அது பல பெரிய கேம்களையும் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே குறை ஒருங்கிணைப்பில் இல்லை. விலையைக் குறைப்பதற்காக ஒற்றை ராமைப் போட்டு, அதன்மேல் பெரிய திரையை ஏற்றி, அதை ‘ஆல்ரவுண்டர்’ என்று விற்பதில் இருக்கிறது.

எதிர்பார்ப்பையும் சற்று அளந்துகொள்ள வேண்டும் என்பதை மாணவர்களுக்கும் சொல்வேன். வேலரன்ட் போன்ற கேம்கள் பழைய ஒருங்கிணைந்த கிராபிக்ஸிலும் ஓட வேண்டும் என்றே திட்டமிட்டு எழுதப்பட்டவை. 2012-இல் வந்த இன்டெல் எச்டி 4000 அதற்குரிய குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இருக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக்கின் பழைய பதிப்பு ஓடிய கணினியில், 2023 செப்டம்பரில் அதன் இடத்துக்கு வந்த கவுண்டர் ஸ்டிரைக் 2 தடுமாறினால் அது கணினி கெட்டுப்போனதன் அறிகுறி அன்று, கேம் கனத்துவிட்டது. கைபேசி கேம்களை எமுலேட்டர் (கைபேசியைப்போல் நடிக்கும் மென்பொருள்) வழியே மடிக்கணினியில் ஆடுபவர்களுக்கு விண்டோஸுக்குள் ஓர் ஆண்ட்ராய்டையும் சேர்த்துச் சுமக்கும் வேலை கூடிவிடுகிறது. கைபேசியில் வழுக்கிக்கொண்டு ஓடுவது இங்கே திக்குவதில் வியப்பில்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் செய்யக்கூடியது, காலியான ராம் ஸ்லாட் இருந்தால் முன்னதற்கு இணையான இரண்டாவது ராமைப் போடுவது. நான் அறிந்தவரை கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல பலன் தரும் மாற்றம் வேறில்லை. கேமின் அமைப்பில் அளவை 1280க்கு 720 என்று குறைத்தால் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 9.2 லட்சமாக, இறங்கிவிடும். படம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் ஓட்டம் சீராகும். நிழல்களின் தரத்தைக் குறைப்பது, பிரேம் எண்ணிக்கையை 30 அல்லது 40 என்று கட்டி நிறுத்துவது, சார்ஜரைச் செருகி விளையாடுவது ஆகியவையும் உதவும். ஆனால் ‘பிறகு வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். மேசைக் கணினியில் அது எளிது. மடிக்கணினிக்கு வெளியிலிருந்து இணைக்கும் அட்டைகள் உண்டு என்றாலும் அதற்கேற்ற தண்டர்போல்ட் போன்ற அதிவேக இணைப்பு வேண்டும். மொத்தச் செலவில் தனி கிராபிக்ஸ் உள்ள கணினியையே வாங்கியிருக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் மின்சிக்கன நட்சத்திரக் குறி ஒட்டாமல் நம் நாட்டில் விற்க முடியாது. மடிக்கணினிக்கு அத்தகைய பெரிய ஏற்பாடு வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. விளம்பரத்தில் மாதத் தவணைக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கிராபிக்ஸின் முழுப் பெயர், அது தனியா ஒருங்கிணைந்ததா, ராம் எத்தனை தடங்களில் இருக்கிறது, பின்னர் கூட்ட முடியுமா முடியாதா என்ற விவரங்களை அச்சிட வேண்டும் என்று விற்பனை நிறுவனங்களைத் தங்கள் விளம்பரப் பிரிவு வலியுறுத்தினால் போதும். விளம்பரதாரரை நாளிதழ் நிர்பந்திக்க இயலாது என்பீர்களானால், சேர்க்கைக் காலத்துக் கல்வி இணைப்பில் அரைப் பத்தி இடமாவது இதற்குத் தரலாம்.

அதுவரை, கடையில் பணம் கட்டுவதற்கு முன் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாதிரிக் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பகுதிக்குச் சென்று நினைவகத்தைப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது அங்கே இருக்கும். அதே பட்டியலின் அடியில் ஜிபியூ என்ற தலைப்பின் கீழ் கிராபிக்ஸின் உண்மைப் பெயரும் இருக்கும். பார்க்க விடாத கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்புக் கடை நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.