கெய்ரோல அம்மாவ மேல ஏத்திவிட்ட அந்த அக்காவுக்கு நன்றி

கெய்ரோவ ஒட்டி கிஸால இருக்குற கிராண்ட் ஈஜிப்ஷியன் மியூசியம் போயிருந்தோம், 2025 நவம்பர்ல முழுசா திறந்தாங்களே அதேதான். நுழைஞ்சதுமே 83 டன் ராம்சேஸ் ராஜா சிலை, சுமார் 11 மீட்டர், அண்ணாந்து பாத்தே கழுத்து வலி வந்துடுச்சு. அடுத்து பெரிய படிக்கட்டு, வழியெல்லாம் ராஜா சிலைங்க, நான் பாட்டுக்கு போட்டோ எடுத்துட்டே மேல போயிட்டேன், என் தப்புதான், திரும்பிப் பாத்தா அம்மா பாதிப்படில முட்டியப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க, பக்கத்துல பூப்போட்ட ஹிஜாப் போட்ட ஒரு உள்ளூர் அக்கா, இடுப்புல குழந்தை வேற. பாஷை சுத்தமா புரியல. "யல்லா யல்லா"ன்னு குழந்தைய என் கைல திணிச்சிட்டு, அம்மாவத் தாங்கிப் பிடிச்சு ஓரத்துல இருந்த எஸ்கலேட்டர்ல ஏத்தி மேல வரைக்கும் கூடவே வந்தாங்க.. கண்ணாடி வழியா பிரமிட் தெரிஞ்சதும் அம்மாவுக்கு வலியே மறந்துபோச்சு!

நான் "ஷுக்ரன்"னு (அரபில நன்றி) ரெண்டாவது தடவ சொல்றதுக்குள்ள கூட்டத்துல கலந்துட்டாங்க, பேர் கூட கேக்கல.

அப்புறம் சின்ன வயசுலயே செத்துப்போன ராஜா துட்டன்காமுனோட ஹால். 1922ல கிடைச்ச கல்லறைப் பொருள் 5,000க்கும் மேல, தங்க முகமூடி முன்னாடி செம கூட்டம், ஆனா அம்மா நின்னது கைத்தடிங்க கிட்ட. கல்லறைல சுமார் 130 இருந்துச்சுன்னு சொன்னேன். "இருபது வயசு கூட ஆகாத பையனுக்கு இத்தன கம்பு, எனக்கு ஒண்ணு எடுத்துட்டு வரத் தோணுச்சா உனக்கு"ன்னு ஒரு பார்வை.

ரொம்ப நன்றிக்கா. உங்க குட்டி என் சட்டைல அப்பின பிஸ்கட் கறை இன்னும் போகல.