படுதாவைப் பந்தலில் கட்டாதீர்கள்: நினைவுக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மறைந்த நம் ஓவியர் ஐயாவுக்கு நினைவுக் கண்காட்சி எடுக்க முன்வந்த உங்களுக்கு இந்தக் கடற்கரையே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஓவியங்கள் கூடத்தில், புகைப்படங்கள் வராந்தாவில், நாடக மேடைக்குப் பின்னால் தொங்கும் காட்சித் திரைகளான படுதாக்கள் வாசல் பந்தலில், அதுவும் கார்த்திகையில் என்ற ஏற்பாடு அவர் பொருள்களுக்கு ஆகாது.

முதலில் நாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காலம். தாளும் துணியும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மாசிக்குத் தள்ளி வையுங்கள்.

அடுத்து படுதாக்கள். தர்பார், காடு, தெரு மூன்றுமே பொடி வண்ணத்தில் வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) கலந்து எழுதியவை. ஈரம் பட்டால் பசை இளகும். காய்ந்தபின் மடித்த இடத்தில் வண்ணம் செதிள் செதிளாக உதிரும். அதனால் மடிக்காதீர்கள். 6 அங்குல பிவிசி குழாயில் துவைத்த காடாத் துணியைச் சுற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். சுருக்கம் எடுக்க இஸ்திரி போடவே கூடாது. தொங்கவிடும்போது இரு முனையில் மட்டும் ஆணி அடித்தால் பாரம் முழுவதும் அங்கே இறங்கித் துணி கிழியும். மேல் மடிப்பில் அலுமினியக் குழாயை நுழைத்து 2 அடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள்.

புகைப்படங்களைக் கண்ணாடியோடு ஒட்டிச் சட்டம் போடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. உப்புக் காற்றின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படத்தைச் சுற்றி வைக்கும் கனமான மவுண்ட் அட்டையில் சாளரம் வெட்டி இடைவெளி விடுங்கள். செல்லோடேப் வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் நெகடிவ்களை மற்றவற்றோடு வைக்காமல் உடனே பிரித்துவிடுங்கள். நீர்வண்ணப் படங்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், வெயில் கூடவே கூடாது. கொக்கி, ஆணி எல்லாம் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஆகட்டும்.

சுடுமண் உருவங்களில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. ஈரத்துணியால் துடைத்தால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்ததும் மேற்பரப்பைப் பெயர்த்துக்கொண்டு வெளிவரும். மென்மையான உலர் தூரிகை போதும். மங்கிய ஓவியங்களுக்குப் புதிதாக வண்ணம் தீட்டவோ வார்னிஷ் அடிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அவர் கையெழுத்து அந்த மங்கலில்தான் இருக்கிறது.

இனி முக்கியமான வேண்டுகோள். ஓவியர், சிற்பி, புகைப்படக்காரர் என்று அவரைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்காதீர்கள். ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள நம் இராமலிங்க விலாசத்தில் இராமாயணமும், மராட்டியரோடு நடந்த போரும், சேதுபதி மன்னர் ஐரோப்பியரை வரவேற்பதும் ஒரே மாளிகைச் சுவர்களில்தானே இருக்கின்றன? ஒரு நாடகத்துக்கு அவர் போட்ட பென்சில் வரைவு, அதிலிருந்து எழுந்த படுதா, காகிதக்கூழில் செய்த கிரீடம், அந்த மேடையை அவரே எடுத்த படம் நான்கையும் அருகருகே வைத்தால் அந்த மனுஷர் முழுசாகத் தெரிவார். ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு, எதனால் செய்தது, அளவு, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் '1970-களில்' என்று போட்டால் போதும்.

இரவல் வாங்கும் பொருளுக்கு இரண்டு பிரதியில் ரசீது எழுதி, கொடுத்தவர் முன்னிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். படுதா கட்டும் நாளில் ஆள் தேவைப்படும். சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
படச்சட்டம் போடுவோரும் ஓவிய ஆசிரியர்களும்,
ராமநாதபுரம் கடற்கரை