பெங்களூரு காவல் ஆணையருக்கு: அரை மணி நேரம் கழித்தாவது சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போலீஸ் ஒயர்லெஸ்ஸை என்கிரிப்ட் (வெளியார் கேட்டாலும் புரியாதபடி குறியாக்கம்) செய்யாதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ராத்திரி ஈஜிபுராவிலிருந்து ஒரு பெண் 112-க்கு போன் போட்டால், அவள் பெயரும் வீட்டு முகவரியும் ஊர் காதில் விழக் கூடாது. பழைய அனலாக் சேனல் என்றால், ஒரு டிவி ட்யூனர் டாங்கிளை லேப்டாப்பில் செருகியவன்கூடக் கேட்டுவிடுவான். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒட்டுக் கேட்கிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா கேட்கப்போகிறான்?

அமெரிக்காவில் கதை வேறு. போலீஸ் ஒயர்லெஸ் பேச்சை ஸ்கேனர் என்ற ரேடியோவில் கேட்பது அங்கே பல ஊர்களில் நெடுநாள் பழக்கம். அதனால்தான் நியூயார்க் 2023-இல் சேனல்களை மூடத் தொடங்கியதும் அவ்வளவு எதிர்ப்பு. சிகாகோ அரை மணி நேரம் தாமதித்து ஒலிபரப்புகிறது. கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ 2021-இல் முழுக்க மூடிவிட்டு அடுத்த ஆண்டே திறந்தது. நமக்கு அந்த உரிமை என்றைக்கும் இருந்ததில்லை. டீக்கடை ஓரம் நிற்கும் ஹொய்சளா ரோந்து வண்டி ஜன்னல் வழியே வரும் கரகரப்புதான் நம் பங்கு. (அதை எந்த என்கிரிப்ஷனும் அடக்காது, அது இருக்கட்டும்.)

என் குறை வேறு. உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்கு எப்போது தெரியும்?

2016 செப்டம்பர் 12-ஐ இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கவில்லை. காவிரிக்காகத் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன, கே.பி.என். டிப்போவில் பேருந்துகள் வரிசையாக எரிந்தன, ஹெக்கனஹள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார், 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. எந்தச் சாலையில் கல் பறக்கிறது, எது அமைதியாக இருக்கிறது என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் கண்ட்ரோல் ரூமுக்கு வந்துகொண்டிருந்திருக்கும். ஸ்ரீராமபுரத்தில் எங்களுக்கு வந்தது வாட்ஸ்அப். எது இன்றைய வீடியோ, எது போன வருஷத்தது என்று பிரித்தறிய யாருக்கும் வழியில்லை. ஆபீஸ் போனவர்கள் எந்த வழியாகத் திரும்புவது என்று வாட்ஸ்அப்பை நம்பித்தான் முடிவெடுத்தோம்.

2025 ஜூன் 4 சின்னசாமி மைதானம் இன்னொரு பாடம். 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். 11 பேர் செத்தார்கள், அதில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர். வெளியே உயிர் போன பிறகும் உள்ளே ஆர்.சி.பி. கிரிக்கெட் அணிக்குப் பாராட்டு விழா நடந்தது. இதுபோன்ற நேரத்தில் அரை மணி நேரத் தாமதம்கூட உதவாது என்று ஒப்புக்கொள்கிறேன். "இந்த கேட்டுக்கு வராதீர்கள்" என்பது அந்த நிமிஷமே போக வேண்டிய செய்தி.

பிறகு வருவது பதிவுகள். 26/11 தாக்குதலில் பலியான அதிகாரி அசோக் காம்டேயின் மனைவி வினிதா காம்டே, மும்பை கண்ட்ரோல் ரூம் ஒயர்லெஸ் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஓர் அதிகாரியின் மனைவிக்கே இந்தப் பாடு. என்கிரிப்ஷன் காற்றில் போகும் பேச்சைத்தான் மூடுகிறது. கண்ட்ரோல் ரூமில் பதிவாகியிருப்பதைக் கொடுக்க அது தடையில்லை. உயிரிழப்பு நடந்த நாளின் ஒலிப்பதிவு, விசாரணையும் மேல்முறையீடும் முடியும்வரை அழியாமல் இருக்கும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள்.

மற்றது, புதிய கருவி எதுவும் கேட்காத வேலை. 112 அழைப்பு இப்போதே கம்ப்யூட்டரில் ஏறி, இடமும் வகையும் குறிக்கப்பட்டு, அருகிலுள்ள ஹொய்சளாவின் திரைக்குப் போகிறது. அது பேச்சாகப் போகாததால், ஸ்கேனர் வைத்திருப்பவனுக்கும் பாதி விஷயம் காதில் விழாது. அந்தப் பட்டியலிலிருந்து பெயர், எண், வீடு, பெண்கள் குழந்தைகள் தொடர்பான புகார்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வட்டாரம், சம்பவ வகை, மூடிய சாலை ஆகியவற்றை மட்டும் அரை மணி நேரம் கழித்து உங்கள் இணையதளத்தில் போடுங்கள். கலவர நாளில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். நிறுத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தமிழில் போடச் சொல்லவில்லை. கன்னடத்தில் போட்டாலே போதும், படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்துக் குடியிருப்பாளர் ஒருவர்