ஊசி போடும் இடத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் கணவர் 11 வருடமாக இன்சுலின் போடுகிறார். போன வருடம் முழுக்கச் சர்க்கரை ஒரு நாள் 58, மறுநாள் 320 என்று ஏறி இறங்கியது. எனக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறார் என்று திட்டியிருக்கிறேன். ஒரு செவிலியர் வயிற்றைத் தடவிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம், தினமும் ஊசி போட்ட அதே இடத்தில், தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருந்தது. அதில் போடும் மருந்து ஒரு நாள் சரியாகச் சேராது, இன்னொரு நாள் சட்டென்று சேர்ந்துவிடும். நல்ல இடத்துக்கு மாற்றினால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம் என்பதால், டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்தோம். இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுகிறார்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பதையும் அன்றுதான் கேட்டோம். வெறும் 10 நிமிடப் பேச்சு. இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்று மனது ஆறவில்லை. இன்சுலின் எழுதித் தரும் அன்றே, வீட்டில் கூட இருப்பவரையும் உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம், பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் டாக்டரோ செவிலியரோ வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி