மடை பார்ப்பவருக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கட்டற்ற மென்பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறினால் உரிமக் கட்டணம் பெருமளவு மிச்சமாகும் என்று எழுதியிருந்தது சரிதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். அறுபது கணினிகளிலும் லினக்ஸின் ஒரு வகையான டெபியன்தான். அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் கட்டுரை முழுக்க 'இலவசம், இலவசம்' என்றே வந்தது. கட்டற்றது என்றால் விலையில்லாதது என்று பொருளல்ல. பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று பொருள். சரி, அந்தக் குழப்பம் பழையது. என்னை எழுத வைத்தது வேறு. இந்த மென்பொருள்களை யாரோ ஒருவர் தினமும் உட்கார்ந்து பராமரிக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இல்லை.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. விடுமுறை நாள். இரவு பத்து மணி வாக்கில்தான் செய்தி வந்தது: எக்ஸ்இசட் யூட்டில்ஸில் யாரோ கள்ளக்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருக்கிறார்கள். கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் சின்ன மென்பொருள் அது. அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் அதைப் பல ஆண்டுகளாக ஏறக்குறையத் தனியாளாகவே கவனித்துவந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களுடன் வந்து சேர்ந்தார். 2022-இல் வேறு சில பெயர்களில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியாவிட்டால் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்ற நெருக்கடி. நீண்டகாலமாகத் தன் மனநலம் சரியில்லை, இது சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று காலின் பொறுமையாகப் பதில் எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் ஜியா டானுக்கு இணைப் பராமரிப்பாளர் பொறுப்பு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பிலேயே கள்ளக்கதவு இருந்தது. சோதனைக்காக வைத்திருந்த கோப்புகளுக்குள் நச்சு நிரலை ஒளித்துவைத்து, அதை எழுப்பிவிடும் துண்டை மட்டும் வெளியீட்டுத் தொகுப்பில் சேர்த்திருந்தார்கள். பொதுக் களஞ்சியத்தில் மூலநிரலைப் படித்தவர் கண்ணில் அந்தத் துண்டு பட வழியே இல்லை. சரியான சாவி வைத்திருப்பவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் கடவுச்சொல் இல்லாமலே சர்வருக்குள் நுழைந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். நல்லவேளையாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் வேறு ஏதோ ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவது அவருக்கு உறுத்தியது. அந்த அரை நொடியைத் துரத்திப்போய்க் கண்டுபிடித்தார்.

எங்கள் ஆய்வகத்தில் இருந்தது டெபியனின் நிலையான பதிப்பு, அதனால் தப்பித்தோம். கணினிப் பாதுகாப்பு படிக்கும் மாணவர் ஒருவர் மட்டும் தன் மடிக்கணினியில் இருந்த, பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸை அந்த வாரம்தான் அப்டேட் செய்திருந்தார். அதில் எக்ஸ்இசட் 5.6.0 இருந்தது. சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினோம். நடுவில் அவர் கேட்டார்: "சார், அந்த ஃபின்லாந்துக்காரருக்கு யார் சார் சம்பளம் கொடுக்கிறாங்க?" யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

என் தாத்தாவின் ஊரில் குளத்துக்கு நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டிலேயே அவர் பங்கு நெல்லை அளந்துவிடுவார்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு தூர்வாரப் போக வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். குளம் பொதுவானது என்பதால்தான் எல்லோர் தலையிலும் அந்த வேலை விழுந்தது. மென்பொருளில் நாம் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எக்ஸ்இசட் விஷயம் வெளிவந்ததும், பார்த்தீர்களா, மூலநிரல் திறந்திருந்ததால்தானே கண்டுபிடிக்க முடிந்தது என்று எங்கள் ஆட்களே பலர் பெருமைப்பட்டார்கள். பாதி உண்மை. ஃப்ராயின்டால் அடிவரை தோண்டிப் பார்க்க முடிந்தது என்றால் அதற்குத் திறந்த நிரல்தான் காரணம். ஆனால் அவர் அந்த நிரலைக் காவல் காக்க நியமிக்கப்பட்டவர் அல்லர், தற்செயலாக அந்த வழியே போனவர். 2014-இல், இணையத்தில் போகும் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோதும் இதே பேச்சு நடந்தது. உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. அதன்பிறகு பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை மூலம் பணம் போட்டன. பத்து ஆண்டு கழித்தும் ஃபின்லாந்தில் ஒருவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ்இசட் செய்தி வந்த அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் மார்ச் 20 அன்று அதன் கட்டற்ற உரிமத்தைக் கைவிட்டு வேறு உரிமத்துக்கு மாறியது. எங்கள் மென்பொருளை மேகக்கணினி நிறுவனங்கள் விற்றுச் சம்பாதிக்கின்றன, எங்களுக்குத் திரும்ப எதுவும் வருவதில்லை என்பது அதன் மனக்குறை. மார்ச் 28 அன்று, பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்து அமேசான், கூகுள் முதலானவற்றின் ஆதரவோடு வால்கீ என்ற தனிக் கிளை மென்பொருள் பிறந்தது. மறுநாள்தான் எக்ஸ்இசட் செய்தி. ரெடிஸ் செய்தது சரியல்ல என்பது என் கருத்து, வெளியாட்கள் பலரின் உழைப்பும் அதில் இருந்தது. 2025-இல் அவர்களே ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆனால் அந்த மனக்குறை பொய்யல்ல.

பணம் கொடுக்க வழியில்லாமல் இல்லை. ஜெர்மனி அரசு இதற்கென்றே 2022-இல் ஒரு நிதியைத் தொடங்கியது. நம் நாட்டில் பெங்களூருவின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற பெயரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தோன்றியது நம் அரசுகளுக்கும் தோன்ற வேண்டாமா? தன் துறைகள் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-இலேயே கொள்கை வகுத்தது. மிச்சமாகும் உரிமக் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாயாவது அதை எழுதியவர்களுக்குப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பணம் மட்டும் போதாது. சில பராமரிப்பாளர்களுக்குப் பணமே வேண்டாம். நிம்மதியாக வேலை செய்ய விட்டால் போதும். தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஒன்றில் ஒரு பிழை ஆறு மாதமாகச் சரியாகவில்லை என்று அதை எழுதியவருக்கு நான் ஒருமுறை கடுமையாக மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று மாலையே அவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினார். காலினுக்கு வந்த மின்னஞ்சல்களைப் படித்தபோது என் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. அவற்றை எழுதியவர்களின் நோக்கம் வேறாக இருக்கலாம், வாசகங்கள் ஒன்றாகவே இருந்தன.

2020 அக்டோபரில், கட்டற்ற மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்புவோருக்கு டி-சர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது, ஒரு டி-சர்ட்டுக்காக அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பியவர்களால் உலகெங்கும் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். அவர்களில் நம் நாட்டு மாணவர்கள் நிறைய. அப்புறம்தான் எங்கள் மாணவர்களுக்கு ஒரு வழக்கம் வைத்தேன். முதல் மாதம் யாரும் நிரல் அனுப்பக் கூடாது. பிறர் தெரிவித்த பிழைகளைத் தம் கணினியில் உருவாக்கிப் பார்த்து, எந்தப் பதிப்பில் எப்படி வருகிறது என்று தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். பராமரிப்பாளர்கள் அதற்குத்தான் அதிகம் நன்றி சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு ஆய்வகச் செலவுப் பட்டியலில், நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு நன்கொடையாக இருபதாயிரம் ரூபாய் கேட்டு எழுதியிருந்தேன். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் மேசையில் விரித்துவைத்தது உங்கள் இதழில் வந்த அந்தக் கட்டுரையைத்தான். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால், இதையும் அதே மேசையில் வைப்பேன்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை